கைப்பிடிச் சுவர்

எங்கள் பங்கு ஆலயத்தின் வாசகமேடை பழைய தேக்கு மரத்தால் ஆனது. திருநூல் சரிந்து விழாமல் தடுப்பதற்கென்று அதன் முன்விளிம்பில் இரண்டடி நீளச் சட்டம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். வாசகர்கள் கை ஊன்றும் இடமாதலால் அதன் மேல்விளிம்பு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். ஆனால் அதே சட்டத்தின் கீழ்விளிம்பில், மக்கள் கண்ணில் படாத இடத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. நற்செய்தி வாசிக்க நிற்கும்போதெல்லாம் என் விரல் தானாக அந்தப் பள்ளத்தைத் தேடிச் செல்கிறது. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிட்டால் இருந்த இடம் தெரியாது என்று சொன்னவர்கள் உண்டு. நான் இசையவில்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு சொல் அந்த மரத்தில் விட்டுச் சென்ற தழும்பு அது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பங்கின் பாதுகாவலர் திருவிழாவுக்குக் கொடியேற்றம் மறுநாள். பழைய பங்கு இல்லத்தின் கூரையைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு உத்தரங்களை அறுத்து, புதிய வாசகமேடை செய்யும் வேலை ஆலயத்தின் பின்புறத்துக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. வேலை செய்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் தச்சர்; வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். மேடை முடிந்துவிட்டது. முன்சட்டத்தின் விளிம்பை உருட்டிப் பொருத்த வேண்டியதுதான் மிச்சம். மாலை மயங்கும் வேளையில் நான் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

"சாமி, இந்தச் சட்டத்தை மேசையோட கட்டிட்டுத்தான் ரூட்டர் ஓட்டணும். கிளாம்ப் ஒண்ணுதான் இருக்கு. கழற்றிக் கழற்றி மாட்டணும். கொஞ்சம் நேரமாகும்" என்றார் அவர்.

"கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும், தம்பி. நாளைக்குக் கொடி ஏற வேண்டாமா?" என்றேன் நான்.

இவ்வளவுதான் சொன்னேன். கடிந்து பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பங்குக் குருவானவரின் சிரிப்புக்கும் ஒரு பாரம் உண்டு என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நான் ஆலயத்துக்குள் திரும்பிச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். இயந்திரத்தின் சீரான இரைச்சல் சட்டென்று ஓர் அலறலாக உயர்ந்து நின்றது. பிறகு எழுந்தது மனிதக் குரல்.

என்ன நடந்தது என்பதை அவரே பின்னால் எனக்கு விளக்கினார். சட்டத்தை மேசையோடு கட்டாததால் அதன் இடமுனையை இடக்கையால் அழுத்திப் பிடித்தார். இரு கைகளால் பிடிக்க வேண்டிய இயந்திரத்தை வலக்கை ஒன்றால் பிடித்தார். இடமுனையில் கை இருந்ததால் வலமுனையிலிருந்து தொடங்கி இடப்புறமாக ஓட்டினார். அது இந்த இயந்திரத்துக்கு ஆகாத திசை. இரண்டு மூன்று முறையாகச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டிய ஆழத்தை, நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி, ஒரே ஓட்டத்தில் எடுக்க முயன்றார். மரத்தைக் கவ்விய இயந்திரம், சக்கரம்போல் அதன்மேல் உருண்டு, இடப்புறம் பாய்ந்தது. அங்கே அவருடைய கை இருந்தது. ஒரு தவறு அடுத்த தவறைக் கைப்பிடித்து அழைத்து வரும் என்று பாவத்தைப் பற்றி நான் எத்தனையோ மறையுரைகளில் கூறியிருக்கிறேன். அன்று கொட்டகையில் அதைக் கண்ணால் கண்டேன். முதல் தவறு, கட்டாமல் விட்டது. அதைச் செய்யச் சொன்னவன் நான்.

மருத்துவமனையில் இரண்டு விரல்களுக்குத் தையல் போட்டார்கள். விரல்கள் தப்பின. ஆனால் நடுவிரலின் நுனிக்கணு இன்றுவரை மடங்குவதில்லை. கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவர், "என் தப்புதான் சாமி, நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார். குற்றம் செய்தவனுக்குக் காயம்பட்டவர் பாவமன்னிப்பு வழங்குவதைப்போல் இருந்தது. அவ்வாண்டு வாசகமேடை முன்சட்டம் இல்லாமலே திருவிழாவைக் கண்டது. பத்து நாள்களில் ஒருவர்கூட அந்தக் குறையைக் கவனிக்கவில்லை. எந்த அவசரத்துக்காக ஒருவரின் விரல் பலியானதோ, அந்த அவசரம் என் மனத்தைத் தவிர வேறெங்கும் இருந்திருக்கவில்லை.

குருமடத்தில் பயின்ற நாள்களில், மனித உழைப்பைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலைப் படித்துத் தேர்வு எழுதியவன் நான். உடல்நலத்துக்கு ஊறு செய்யாத பணிச்சூழல் தொழிலாளியின் உரிமை என்று அம்மடல் கூறுவதை விடைத்தாளில் எழுதியிருக்கிறேன். அத்தாளுக்கும் எங்கள் கொட்டகைக்கும் இடையே எவ்வளவு தொலைவு! அந்நாள்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை இணைச்சட்ட நூலின் இரண்டு பகுதிகள். ஒன்று பத்தொன்பதாம் அதிகாரத்தில் வருகிறது: காட்டில் மரம் வெட்டும் ஒருவனின் கோடரி காம்பை விட்டுக் கழன்று, அருகில் நின்றவன்மேல் பாய்ந்து அவனைக் கொன்றுவிடுகிறது. கொல்லும் எண்ணம் இல்லாதவனாகையால் அவன் அடைக்கல நகருக்கு ஓடித் தப்பலாம் என்கிறது சட்டம். மற்றொன்று இருபத்திரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது: புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் அங்கிருந்து எவனாவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். முதல் பகுதி எண்ணமில்லாமல் நேர்ந்துவிட்டதற்கு இரங்குகிறது. இரண்டாவது பகுதி, நேரும் முன்பே நீ என்ன செய்தாய் என்று கேட்கிறது. நான் முதல் பகுதியில் அடைக்கலம் தேடினேன். இரண்டாவது பகுதி என்னை விடவில்லை.

ஆறு மாதம் கழித்து அவர் மீண்டும் தொழிலுக்கு வந்தபோது, "தம்பி, அந்த ரூட்டரை ஓட்ட எனக்குக் கற்றுக்கொடு" என்று கேட்டேன். வியப்போடு பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு சாமி இந்த வேலை?" என்றார். "வேலை ஏவுகிறவனுக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டாமா?" என்றேன். அன்று முதல் சில வாரங்கள், சனிக்கிழமை முற்பகல்களில் நான் மாணவன், அவர் ஆசிரியர்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உளியும் இழைப்புளியும் செய்துவந்த வேலையைச் சுழற்சியால் செய்வது ரூட்டர். மேலே மோட்டார், அடியில் தட்டையான தளம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிடிகள். தளத்தின் நடுத்துளை வழியே 'பிட்' எனப்படும் வெட்டலகு நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்பை உருட்ட ஒரு பிட், காடி எடுக்க ஒரு பிட், பூவேலை செதுக்க ஒரு பிட் என்று பலவகை உண்டு. மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 முதல் 30,000 சுற்றுகள் வரை சுழலும். 24,000 என்று கொண்டால் வினாடிக்கு 400. நாம் 'ஆமென்' என்று சொல்லி வாய் மூடுமுன் அந்த அலகு 400 முறை சுற்றிவிடும். ஆபத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். அதற்குள் 80 சுற்று. இரண்டு வெட்டுமுனை உள்ள பிட் என்றால் 160 வெட்டு. கைஉளி தவறினால் ஒரு வெட்டோடு நிற்கும். இந்த இயந்திரத்தின் முன்னோ வருந்தித் திருந்த நேரம் கிடையாது. ஆகவே இதில் பாதுகாப்பு என்பது சுவிட்சைப் போட்ட பிறகு நாம் காட்டும் சாமர்த்தியம் அன்று. போடுவதற்கு முன் நாம் செய்து முடித்த ஆயத்தம். என் ஆசிரியர் கற்றுத் தந்த பாடங்கள் அனைத்தும் இந்த ஒன்றில் அடங்கும்.

முதற்பாடம் உடையைப் பற்றியது. அங்கியோடு கொட்டகைக்குள் வந்த என்னை அவர் வாசலிலேயே நிறுத்தினார். தொங்கும் கைப்பகுதி, இடைக்கச்சை, கழுத்துச் சிலுவைச் சங்கிலி, கையில் சுற்றிய செபமாலை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வரச் சொன்னார். சுழலும் அலகு ஒரு நூலைப் பற்றினாலும் அதன் பின்னால் கையையும் இழுத்துக்கொள்ளும். தோளில் கிடக்கும் துண்டும், அவிழ்ந்து பறக்கும் வேட்டியும் அவ்வாறே. காயம்படாதிருக்கக் கையுறை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறையும் தூண்டில்தான் என்றார். கண்களுக்குப் பக்கங்களும் மூடிய கண்ணாடி கட்டாயம். காதுக்கு அடைப்பான் வேண்டும். 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்றும், ஒலி மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் கணக்கிடுகிறார்கள். ரூட்டரின் இரைச்சல் 95 டெசிபெல்லைத் தொடுவது உண்டு. அந்த அளவில் ஒரு மணி நேரத்துக்குள் காது தன் பங்கைக் கேட்டு முடித்துவிடுகிறது. மரத்தூளையோ நாம் தீங்கற்றது என்று எண்ணி ஊதித் தள்ளுகிறோம். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது; அதற்குரிய முகக்கவசம் வேண்டும்.

இரண்டாம் பாடம் பிட்டைப் பொருத்துவது. இயந்திரத்தைத் தொடுமுன் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்தடை வந்தாலும் உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் மின்சாரம் திரும்பும்போது, கேட்பாரற்று மேசையில் கிடக்கும் இயந்திரம் தானே உயிர்பெற்றுத் துள்ளும். பிட்டின் காம்பைக் கவ்விப் பிடிக்கும் சிறு வளையத்துக்குக் 'காலெட்' என்று பெயர். கால் அங்குலக் காலெட் என்பது 6.35 மில்லிமீட்டர். அதில் 6 மில்லிமீட்டர் காம்பைச் செருகினால் பார்வைக்குப் பொருந்தியதுபோலவே இருக்கும். ஆனால் இறுக்கமாகப் பிடிக்காது, சுழற்சியில் நழுவும். காம்பை அடிவரை செருகி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்துவிட்டு இறுக்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் இறுகியதுபோல் தோன்றிப் பின்னர் தளர்ந்துவிடும். அவர் இதைச் சொன்னபோது எனக்குக் கோடரி நினைவுக்கு வந்தது. காம்பை விட்டுக் கழன்ற இரும்பு! மோசேயின் சட்டம் கண்ட விபத்து இன்னும் நம் பட்டறைகளில்தான் இருக்கிறது.

மூன்றாம் பாடம் மரத்தைப் பற்றியது. எங்களுடையது கூரையிலிருந்து இறங்கிய மரம். அதன் உள்ளே, தலை முறிந்து புதைந்த பழைய ஆணிகள் இருக்கலாம். அலகின் முனையில் ஒட்டியிருக்கும் கார்பைடு மிகக் கடினமானது. ஆனால் இரும்பில் மோதினால் சிதறி முகத்தில் தெறிக்கும். ஆகவே காந்தத்தை மரத்தின்மேல் மெல்ல நகர்த்தி ஆணி தேடினோம். நான்கு கிடைத்தன. பிறகு மரத்தை மேசையோடு அசையாமல் கட்ட வேண்டும். ஒல்லியான சட்டம் தேவையானால், முதலில் அகலமான பலகையின் விளிம்பை உருட்டிவிட்டு, அதன் பிறகே சட்டமாக அறுத்தெடுப்பது அறிவுடைமை. கட்டுவதற்கு இடம் இருக்கும், கையும் விலகி இருக்கும். அன்று முன்கூட்டியே அறுத்துவிட்டதும் அவசரத்தின் இன்னொரு முகம்தான் என்று அவர் சொன்னார்.

நான்காம் பாடம் திசை. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரமுள்ளின் போக்கில் சுழல்கிறது. பலகையின் விளிம்பு நம்மை நோக்கி இருக்குமானால், இயந்திரத்தை இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். பலகையின் வெளிவிளிம்பைச் சுற்றி வரும்போது கடிகாரமுள்ளுக்கு எதிராகவும், சட்டம் அடித்த பகுதியின் உள்விளிம்பில் கடிகாரமுள்ளின் போக்கிலும் செல்ல வேண்டும். அப்போதுதான் அலகு மரத்தை எதிர்த்து வெட்டும். கைக்கு எதிர்ப்புத் தெரியும். தவறான திசையில் ஓட்டினால் எதிர்ப்பே இராது. வேலை இலகுவாகப் போவதுபோல் தோன்றும். அந்த இலகுதான் நம்மை வாரிக்கொண்டு போகும். "எதிர்த்து நின்னா அது நம்ம கையில இருக்குன்னு அர்த்தம், சாமி. வழுக்கிக்கிட்டுப் போச்சுன்னா நாம அது கையில இருக்கோம்" என்றார். ஞான ஒடுக்கத்தில் ஒரு நாள் முழுவதும் தியானிக்கத் தக்க வாக்கியம் அது.

ஐந்தாம் பாடம் ஆழமும் வேகமும். கடின மரத்தில் ஓர் ஓட்டத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ஆழம் போதும். மிச்சத்தை அடுத்தடுத்த ஓட்டங்களில் எடுக்க வேண்டும். பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிட் 24,000 சுற்றில் ஓடினால், அதன் வெளிமுனை மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதே சுற்றில் 50 மில்லிமீட்டர் பிட்டை ஓட்டினால் முனையின் வேகம் 226 கிலோமீட்டர் ஆகிவிடும். சுற்றைப் பாதியாகக் குறைத்தால்தான் பழைய அளவுக்கு வரும். நாற்புறமும் விளிம்பு எடுப்பதானால் நார் வெட்டுப்பட்ட குறுக்குமுனைகளை முதலில் முடித்துவிட்டு நீளவாக்கைப் பிறகு எடுக்க வேண்டும். மூலையில் பிய்ந்தாலும் அடுத்த ஓட்டத்தில் மறைந்துவிடும். அலகு மரத்தைத் தொடாத நிலையில் சுவிட்சைப் போட்டு, முழு வேகம் வந்த பின்னரே மரத்தருகே கொண்டு செல்ல வேண்டும். முடிந்ததும் அணைத்துவிட்டு, இரு பிடிகளையும் விடாமல், சுழற்சி முற்றிலும் நிற்கும்வரை காத்திருந்து, அதன் பின்னரே கீழே வைக்க வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்று மனம் தளரும் அந்தச் சில வினாடிகளிலும் அலகு சுழன்றுகொண்டுதான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் கற்ற பிறகு, நாங்கள் இருவரும் அந்தப் பழைய சட்டத்தையே எடுத்தோம். காயம்பட்ட விளிம்பு கீழே இருக்கும்படி திருப்பி, மறுவிளிம்பை உருட்டுவது என்று முடிவு செய்தோம். அகலமான பலகை ஒன்றின்மேல் சட்டத்தை வைத்து, அடியிலிருந்து திருகாணி முடுக்கி, அந்தப் பலகையை நான்கு கிளாம்ப்களால் மேசையோடு கட்டினார். கட்டுவதற்குக் கால்மணி நேரம் ஆனது. நான் வாய் திறக்கவில்லை. இரு கைகளாலும் பிடித்து, இடமிருந்து வலமாக, மூன்று ஓட்டங்களில் நானே உருட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆயத்தத்துக்குக் கால்மணி நேரம், வேலைக்கு இரண்டு நிமிடம். அந்தக் கால்மணி நேரத்தைத்தான் நான் அன்று வீண் என்று நினைத்திருந்தேன்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்கிறோம். நடந்து முடிந்தவற்றைத் திரும்பிப் பார்க்கிறோம். நடக்கப்போவதற்கும் ஒரு சோதனை உண்டு என்று கொட்டகையில் கற்றேன். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் நாசரேத்து மக்கள் நம் ஆண்டவரைத் தச்சர் என்று குறிப்பிடுகிறார்கள். 'தெக்தோன்' என்ற அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருளைப் பற்றிக் குருமடத்தில் ஒரு மணி நேரம் விவாதித்தோம். அவருடைய விரல்களில் எத்தனை தழும்புகள் இருந்திருக்கும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

வாசக அன்பர்களே, நம்மில் பலர் ரூட்டரைக் கையில் எடுக்கப் போவதில்லை. ஆனால் கதவு செய்யச் சொல்லியோ, கட்டில் செய்யச் சொல்லியோ, மணமகளுக்கு அலமாரி செய்யச் சொல்லியோ ஒருவரை நாம் எல்லாருமே ஏவுகிறோம். 'நாளைக்குள் வேண்டும்' என்று சொல்கிறோம். கூலியில் பேரம் பேசுகிறோம். பேரத்தில் குறையும் ஒவ்வொரு ரூபாயும், கெடுவில் குறையும் ஒவ்வொரு மணியும் எங்கிருந்து குறைகிறது என்று பார்ப்பதில்லை. அது மரத்தில் குறைவதில்லை. கிளாம்ப் மாட்டும் நேரத்தில் குறைகிறது, கண்ணாடி வாங்கும் காசில் குறைகிறது. நம் சொல் கைப்பிடிச் சுவரை எழுப்பவும் செய்யும், இடிக்கவும் செய்யும். எங்கள் பங்கின் கணக்கில் இப்போது நான்கு கிளாம்ப்கள், இரண்டு கண்ணாடிகள், காதடைப்பான்கள், ஒரு பெட்டி முகக்கவசம் ஆகியவை செலவாக எழுதப்பட்டிருக்கின்றன. பங்குப் பேரவையில் ஒருவர், இவை ஆலயச் செலவா என்று கேட்டார். ஆம், ஆலயம் கட்டுகிற செலவுதான் என்றேன்.

சென்ற ஆண்டுத் திருவிழாவுக்கு முழந்தாளிடும் பலகைகள் பன்னிரண்டு செய்யத் திட்டமிட்டோம். கொடியேற்றத்துக்கு முந்திய மாலையில் கொட்டகைக்குப் போனேன். ஒன்பது முடிந்திருந்தன. பத்தாவது பலகையை மேசையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"மூணு மிச்சம் இருக்கு, சாமி" என்றார்.

"இருக்கட்டும், தம்பி. விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வீட்டுக்குப் போ" என்றேன்.

அவர் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி வைத்தார். பிறகு, மடங்காத அந்த விரலால் கிளாம்ப்பின் திருகை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மறுநாள் குறித்த நேரத்தில் கொடி ஏறியது.